அங்கியின் ஓரத்து வாஷர்கள்

ஞானஸ்நானத்துக்குத் தண்ணீரில் இறங்கும் பெண்ணின் அங்கி மிதக்கும். இதை எந்த வேதாகமக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றால் உள்ளே காற்றுப் புகுந்து துணி குடைபோல விரிந்து மேலே வரும். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் தன் பாவத்தை நினைப்பாளா, பாவாடையை நினைப்பாளா?

அதற்கு வழி கண்டுபிடித்தது என் அம்மா. அப்பாவின் மெக்கானிக் ஷெட்டிலிருந்து துருப்பிடிக்காத வாஷர்களாகப் பொறுக்கி எடுத்து வந்து, அங்கியின் கீழ் ஓரத்தை மடித்து, உள்ளே ஒவ்வொன்றாக வைத்துத் தைத்தாள். அதற்குப் பிறகு எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுத்த எந்தப் பெண்ணுக்கும் அங்கி மிதந்ததில்லை. அப்பா சபைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். "என் வாஷர் இல்லாம உங்க ஆளுங்க ஒருத்தியும் பரலோகம் போக முடியாது" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அம்மா ஊழியக்காரி. இதே வேலையைச் செய்யும் ஆண்களைச் சபை நோட்டீஸில் சுவிசேஷகர் என்று போடுவார்கள். அம்மாவைச் சகோதரி என்று போடுவார்கள், அதுவும் கடைசி வரியில் இடமிருந்தால். காலையில் அரசு ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டு. பார்க்க ஆளில்லாத நோயாளிகளுக்குத் தலை வாரி விட்டு, வாந்தி துடைத்து, கேட்டால் மட்டும் ஜெபம் பண்ணுவாள். மதியம் வீடுகள். குடிகாரப் புருஷன், படிக்காத பிள்ளை, பேசாத மாமியார் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று காத்திருக்கும். சாயங்காலம் தையல் ஃபாக்டரிப் பெண்களின் ஹாஸ்டல். இவ்வளவு பேருக்காகவும் கத்திக் கத்தி அம்மாவின் குரல் நிரந்தரமாகக் கட்டிப்போய்விட்டது. புதிதாகப் பார்ப்பவர்கள் சளியா என்று கேட்பார்கள். வீட்டுக்கு வந்து ஒரு செருப்பைக் கழற்றியிருப்பாள், இன்னொன்றைக் கழற்றுவதற்குள் யாராவது கதவைத் தட்டுவார்கள். ஒரு காலில் செருப்போடு நின்றபடியே அம்மா ஜெபித்ததை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊரே தூங்கும். பகலில் அம்மா மட்டும் தூங்கி நான் பார்த்ததில்லை.

நான் எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்கக் கண்ணாடிக் குப்பிகளில் ஊர்த் தண்ணீரை ஊற்றிப் பார்த்து, குடிக்கலாம், குடிக்கக் கூடாது என்று எழுதித் தருவேன். சபையில் என்னைப் பார்த்தால், நம்ம தொட்டித் தண்ணி பாஸா என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு விசுவாசம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன் என்று பயம். நான் சபைக்குப் போவது அம்மாவின் பையைத் தூக்க.

ஒரு விஷயம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே வயிற்றெரிச்சல். ஆட்களைத் தேடிப் போவது அம்மா. அவர்களோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசுவது அம்மா. ஞானஸ்நானத்துக்குத் தயார்ப்படுத்துவது, அங்கி தைப்பது, கையைப் பிடித்துக் கூட்டி வருவது எல்லாம் அம்மா. மேடைக்குக் கீழே இருக்கும் தொட்டியின் விளிம்பு வந்ததும் அம்மா நின்றுவிட வேண்டும். அங்கிருந்து பாஸ்டர் கையில். பெண் கை முக்கினால் ஞானஸ்நானம் செல்லாது என்பது சபை விதி. நனைந்து வருகிறவளை மறைக்க ஒரு பெரிய துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு அம்மா கரையில் நிற்பாள். துண்டு பிடிக்கப் பெண் கை செல்லும்.

பெட்டிக்கா வந்தது அந்த அங்கிகளால்தான். பெட்டிக்கா என்றால் எங்கள் தெருமுனை இஸ்திரிக்கடைக்காரி. கையிலிருந்து இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை என்பதால் தெருவே அப்படிக் கூப்பிடும். அம்மாவைவிட மூத்தவள். ஆள் பெரிய உடம்பு, வருஷக்கணக்கில் நின்றே வேலை பார்த்ததில் கால் நரம்பெல்லாம் முறுக்கிக்கொண்டிருக்கும், நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். அம்மா முதல்முறை அங்கிகளை இஸ்திரிக்குக் கொடுத்தபோது, பெட்டி டொக்கு டொக்கென்று வாஷரில் முட்டியிருக்கிறது. மறுநாள் அம்மாவை நடுத்தெருவில் நிறுத்தி, துணிக்குள்ள இரும்பு வெச்சுக் குடுக்கிற முதல் ஆளு நீதான், என் பெட்டி கீறிப்போச்சு என்று சண்டை பிடித்தாள். அம்மா காரணத்தைச் சொன்னாள். கேட்டுவிட்டுப் பெட்டிக்கா கடை ஸ்டூலை இழுத்துப் போட்டாளாம். "மானத்துக்கு வெயிட்டு வெச்சுத் தைக்கிறியா? சரி, உக்காரு" என்றாளாம். அந்த உட்கார்தல் மூன்று வருஷம் நீண்டது. அம்மாவுக்கு ஊரில் உட்காரக் கிடைத்த ஒரே இடம் அந்தக் கடை ஸ்டூல்தான். அங்கே அம்மா பிரசங்கம் பண்ணினாளா, கால் நீட்டினாளா, எனக்குத் தெரியாது.

ஒருநாள் பெட்டிக்கா தானாகவே ஞானஸ்நானம் வேண்டும் என்றாள். ஆனால் தண்ணீர் என்றால் உயிர் போகும் அவளுக்கு. சின்ன வயதில் வாய்க்காலில் அடித்துக்கொண்டு போய், முடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார்கள். இன்றுவரை குவளையில் மொண்டுதான் குளிக்கிறாள்.

அந்த ஞாயிறு பெட்டிக்கா தொட்டிப் படி வரை வந்துவிட்டாள். பாஸ்டர் உள்ளே நின்று கையை நீட்டினார். அவர் ஒல்லியான மனிதர், சின்ன வயசு, கெட்டவர் இல்லை. பெட்டிக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"தம்பி, நீ நல்ல பிள்ளைதான். ஆனா நான் முங்கினா உன்னால என்னைத் தூக்க முடியாது. அவளைக் கூப்பிடு."

சபை சிரித்தது. பாஸ்டரும் சிரித்தார். ஒரு கை பிடிக்கத்தானே என்று நினைத்திருப்பார், அம்மாவைப் பார்த்து, அக்கா நீங்களும் இறங்குங்க என்றார். அம்மா துண்டை என்னிடம் கொடுத்துவிட்டு, கட்டியிருந்த புடவையோடு இறங்கினாள். எத்தனையோ பெண்களுக்கு வாஷர் தைத்தவளின் புடவையில் வாஷர் இல்லை. அது மிதந்தது. அம்மாவுக்கு அதை இழுத்துவிடக் கை இல்லை, பெட்டிக்கா இரண்டு கையாலும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். பாஸ்டர் தோளைத் தொடப் போனார். பெட்டிக்கா ஒரு கையை மட்டும் விட்டு, ஈ ஓட்டுவதுபோல அவர் கையைத் தட்டிவிட்டாள். அவர் பின்வாங்கிப் படியில் ஏறி நின்று, அங்கிருந்தே கையை உயர்த்தி பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று நாமங்களையும் சொன்னார். மூன்றாவது நாமத்தில் அம்மா பெட்டிக்காவை முக்கினாள். முக்கியதைவிடத் தூக்கியதுதான் பெரிய வேலை. அம்மாவின் கழுத்து நரம்பு புடைத்தது எனக்குக் கரையிலிருந்து தெரிந்தது.

இருமிக்கொண்டே மேலே வந்த பெட்டிக்கா கேட்டாள். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது" என்றாள் அம்மா.

எல்லோரும் பாட ஆரம்பித்தார்கள். பாஸ்டர் அழுதார். நிஜமாக. நான் துண்டை விரித்துப் பிடித்தேன். ஒரு துண்டுக்குள் இரண்டு பேரும் கொள்ளவில்லை.

அடுத்த வாரம் கமிட்டி அம்மாவைக் கூப்பிட்டது. செயலாளர் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். மேஜைமேல் தண்ணீர் டம்ளருக்குக்கூட மூடி போட்டு வைக்கிற ஆள். நானும் கூடப் போய் உட்கார்ந்தேன். வெளியே போ என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்தது. வார்த்தை சொன்ன வாய் பாஸ்டருடையது, முக்கியெடுத்த கை சகோதரியுடையது, அப்படியானால் கொடுத்தது யார்? வாய்தான் முக்கியம் என்றார் ஒருவர். வாய்தான் என்றால் போனிலேயே கொடுத்துவிடலாமே என்றார் இன்னொருவர். புடவை மிதந்ததை இருமிவிட்டு ஒருவர் நினைவுபடுத்தினார். அவருக்கு மட்டும் அது அவ்வளவு தெளிவாக நினைவிருந்தது. கடைசியில் தீர்ப்பு, கைதான் ஞானஸ்நானம், அதனால் நடந்தது ஞானஸ்நானமே இல்லை. வருகிற மாதம் பாஸ்டர் கையால் மறுபடி எடுக்க வேண்டும். அதுவரை பெட்டிக்காவுக்கு, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தில் பங்கு கிடையாது. இதை அவளுக்கு எடுத்துச் சொல்லிச் சம்மதிக்க வைக்க வேண்டியது அம்மாவின் பொறுப்பு. முடியாது என்றால் அம்மா வாராவாரம் நடத்தும் பெண்கள் கூட்டத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள், ஹாஸ்டலுக்கும் ஆள் மாறும்.

"அந்தத் தண்ணியில என்ன குறைன்னு சொல்லுங்க. சாம்பிள் எடுத்துட்டுப் போய் டெஸ்ட் பண்ணித் தரேன்" என்றேன்.

"பாப்பா, இது லேப் விஷயம் இல்ல" என்றார் செயலாளர்.

"கை விஷயம்னா அதையும் பாத்துடலாம் அங்கிள். வார்டுல வாந்தி அள்ளுன கை. உங்க மாமியாருக்கும் அள்ளுச்சு."

அம்மா என் முழங்காலை அழுத்தினாள். நான் பாஸ்டரைப் பார்த்தேன். தொட்டிப் படியில் நின்று அழுதவர், கைக்கடிகாரத்தின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். இறங்குங்க என்று சொன்னது நான்தான் என்ற ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வரவில்லை. வார்த்தை சொல்வதற்கென்றே இருக்கும் வாய் அது, ஆனால் வரவில்லை.

அம்மா "சரி" என்றாள்.

அந்த ராத்திரியில் பஸ் ஸ்டாப் வரை நான் கத்திக்கொண்டே போனேன். அம்மா, கால் வலிக்குது, பஸ்ல பேசுவோம் என்றாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இறங்கும் இடத்தில் எழுப்பியபோது, விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோலச் சொன்னாள்.

"ஹாஸ்டல் பொண்ணுங்களை வார்டன் வேற எங்கயும் விடறதில்ல. நம்ம கூட்டத்துக்கு மட்டும்தான் விடறாங்க. வாரத்துல அந்த ஒரு சாயங்காலம்தான் அதுங்க வெளிக்காத்தைப் பாக்குதுங்க. நான் போயிட்டா யாரு போய் நிப்பா?"

இதுதான் அம்மாவிடம் எரிச்சல். அவளைத் திட்ட ஆரம்பித்தால் நடுவில் யாராவது ஒரு ஹாஸ்டல் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள்.

மறுநாள் பெட்டிக்கா கடைக்குப் போனோம். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் வாசல் கம்பத்தில் சாய்ந்து நின்றேன். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள், வாய், கை, கமிட்டி, பெண்கள் கூட்டம், ஹாஸ்டல். வழக்கமாக வார்டில் பேசுகிற நிதானம் இல்லை. படிக்காத பாடத்தை ஒப்பிக்கிறவள்போலத் தரையைப் பார்த்துச் சொன்னாள். பெட்டிக்கா ஒரு சட்டையின் காலரை இஸ்திரி போட்டபடியே கேட்டாள். நான் அவள் சண்டை போடப்போகிறாள் என்று காத்திருந்தேன். போடு, நன்றாகப் போடு என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அவள் சண்டை போடவில்லை.

"உன் வேலை போகும்னா நான் எத்தனை வாட்டி வேணா முங்குறேன். பயந்துகிட்டே முங்குறேன். அதுக்கென்ன" என்றாள். சட்டையைத் திருப்பிப் போட்டாள். "ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னைக்கு முங்குனப்ப நான் செத்துட்டேன்னுதான் நெனச்சேன். நீ தூக்குன. முடிஞ்சுதான்னு கேட்டேன், முடிஞ்சுதுன்னு சொன்ன. அது ஒண்ணுமில்லையா?"

பிரசங்கத்தில் எந்தக் கேள்விக்கும் அம்மாவிடம் ஒரு வசனம் இருக்கும். அன்று இல்லை.

"நடந்தது நடந்ததுதான்" என்றாள் அம்மா.

"அப்ப ரெண்டாவது எதுக்கு?"

"எனக்குத் தெரியல."

பெட்டிக்கா பெட்டியைக் கீழே வைத்தாள். நான் அதை முதல்முறையாகப் பார்க்கிறேன். அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நீ சாப்பிட்டியா இல்லியா?" என்று கேட்டாள். அம்மா இல்லை என்று தலையாட்டினாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்று சாயங்காலமே அம்மா பாஸ்டருக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். நீளமாக எதுவும் சொல்லவில்லை. "அவங்க இறங்குவாங்க பாஸ்டர். நான்தான் இறங்கச் சொல்ல மாட்டேன். அவங்களுக்கு ஆயிடுச்சு. ஆகலைன்னு என் வாயால வராது." அந்தப் பக்கம் அவர் தனக்கும் கஷ்டமாக இருப்பதாகவும், ரெண்டு நாளாகத் தூக்கமில்லை என்றும் சொல்லியிருப்பார்போல. அம்மா, தெரியும் பாஸ்டர், சூடா எதையாவது குடிச்சிட்டுப் படுங்க என்றாள். வேலையைப் பறிக்கிறவனுக்கும் இவள்தான் தாலாட்டுப் பாட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. ஞானஸ்நானம் எடுக்காதவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். திராட்சரசத் தட்டு அவர்களைத் தாண்டிப் போகும். பெட்டிக்காவை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்திருந்தார்கள். அவள் நன்றாக இஸ்திரி போட்ட புடவையில், கல்யாண வீட்டுக்கு வந்தவள்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அடுத்து நான், எனக்கு அது வழக்கமான இடம்.

பெண்கள் பக்கம் முதல் வரிசையில் இருந்த அம்மா எழுந்தாள். தட்டு கிளம்புகிற நேரம் யாரும் எழக் கூடாது. நடுவழியே பின்னால் நடந்து வந்து, எங்களை நகரச் சொல்லி, பெட்டிக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபமாக வந்த மாதிரி தெரியவில்லை. இடம் கிடைத்தால் போதும் என்று பஸ்ஸில் வந்து உட்காருகிற மாதிரி இருந்தது.

தட்டைக் கொண்டுவந்தவர் ஒரு தையல்காரர். அவர் மனைவி வார்டில் கிடந்தபோது அம்மாதான் பார்த்துக்கொண்டாள். பெட்டிக்காவைத் தாண்டி அம்மாவிடம் தட்டை நீட்டினார். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். அவருக்குப் புரியவில்லை, நீட்டியபடியே நின்றார். சின்னச் சின்னக் கண்ணாடிக் குவளைகள் தட்டில் ஒன்றோடொன்று உரசி நடுங்கின. சபை திரும்பிப் பார்த்தது. மேடையில் பாஸ்டர் புத்தகத்தில் எதையோ தேடினார். அம்மா மறுபடியும் தலையசைத்தாள். தையல்காரர் போய்விட்டார்.

"நீ ஏன் குடிக்கல? உனக்கென்ன கேடு?" என்று பெட்டிக்கா கிசுகிசுத்தாள்.

"தாகமில்ல" என்றாள் அம்மா.

பெட்டிக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வராமல் சிரித்ததில் பெஞ்சே குலுங்கியது. பிறகு இருமல் வந்தது. அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

புதன்கிழமை செயலாளர் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை, வாசலில் நின்றே சொன்னார். பெண்கள் கூட்டத்தை இனிமேல் பாஸ்டர் மனைவி பார்த்துக்கொள்வார்கள். ஹாஸ்டல் வார்டனுக்குத் தகவல் சொல்லியாயிற்று. ஆஸ்பத்திரி வார்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அங்கே போக வேறு யாரும் தயாராக இல்லை. போகும்போது, சபை அங்கிகள் உங்ககிட்ட இருக்கு, ஞாயித்துக்கிழமைக்குள்ள திருப்பிக் குடுத்துடுங்க சிஸ்டர் என்றார்.

மறுநாள் மதியம், அம்மா வார்டிலிருந்து திரும்புவதற்குள், நான் லீவு போட்டுவிட்டு அங்கிகளைக் கூடத்தில் பரப்பினேன். துணி சபையுடையது, எடுத்துக்கொள்ளட்டும். வாஷர் எங்கள் அப்பாவுடையது. ஒரு பிளேடை எடுத்து முதல் அங்கியின் ஓரத்தைப் பிரித்தேன். வாஷர்கள் தரையில் விழுந்து உருண்டன. சாப்பிட வந்த அப்பா ஒன்றைப் பொறுக்கி வெளிச்சத்தில் பார்த்து, இன்னும் துருவே பிடிக்கலையே என்று பெருமைப்பட்டுவிட்டுப் போனார். மிதக்கட்டும், கமிட்டி முழுக்க உட்கார்ந்து பார்க்கட்டும், கைதானே ஞானஸ்நானம், அந்தக் கையாலேயே அமுக்கிப் பிடிக்கட்டும் என்று ஒவ்வொரு தையலுக்கும் ஒன்று சொல்லிக்கொண்டு பிரித்தேன்.

அம்மா வந்து நின்றது தெரியவில்லை. கத்துவாள் என்று நினைத்தேன். இரண்டு செருப்பையும் கழற்றினாள். ஊசி நூல் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நியாயமாதானேம்மா பண்றேன்" என்றேன்.

"நியாயம்தான்."

"அப்புறம் என்ன?"

"அடுத்த வாட்டி இதைப் போட்டுக்கிட்டு இறங்கப்போறவ கமிட்டியில இல்ல." ஊசியில் நூலைக் கோர்க்கப் பார்த்தாள். நூல் முனை ஊசிக் காதுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது. "ஹாஸ்டல்ல ஒரு பொண்ணு தயாரா இருக்கா. ரொம்பக் கூச்சப்படுவா."

நான் ஊசியைப் பிடுங்கிக் கோர்த்துக் கொடுத்தேன். கோபத்தில் விரலில் குத்திக்கொண்டேன். அம்மா ஓரத்தை மடித்து ஒரு வாஷரை உள்ளே தள்ளித் தைத்தாள். இரண்டாவதைத் தைத்தாள். மூன்றாவதில் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தேன், சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, ஊசி விரலிடுக்கில் இருக்க, தூங்கிப்போயிருந்தாள். வெளியே நல்ல வெயில். பட்டப்பகலில் என் அம்மா தூங்குகிறாள்.

கதவை யாரோ தட்டினார்கள். எந்த வீட்டுப் பிரச்சினையாக இருந்தாலும் விரட்டிவிடுவது என்று எழுந்து போனேன். பெட்டிக்கா நின்றிருந்தாள். இஸ்திரி போட அங்கிகளை வாங்கிப் போக வந்திருக்கிறாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"தூங்குறாளா?" என்று குரலைத் தாழ்த்தினாள். "எழுப்பாத."

நான் அம்மாவின் விரலிலிருந்து ஊசியை மெதுவாக உருவினேன். பெட்டிக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சுவாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். டப்பாவில் இன்னொரு ஊசி தேடி எடுத்து, கோர்த்துத் தரச் சொல்லி என்னிடம் நீட்டினாள். தரையில் கிடந்த வாஷர்களைப் பொறுக்கும்போது ஒன்றோடொன்று மோதிச் சத்தம் கேட்டது. அம்மா புருவத்தைச் சுளித்தாள். கொடியில் கிடந்த அந்தப் பெரிய துண்டை இழுத்து மடித்துக் கீழே போட்டு, வாஷர்களை அதன்மேல் கொட்டினேன். பிறகு சத்தம் வரவில்லை.